ஃபைபர் வருதா? மாடிச் சாவியை எடுத்து வையுங்கள்

ஒரு தெருவுக்கு ஃபைபர் இன்டர்நெட் வரப்போகிறது என்றால் முதலில் வருவது கம்பி இல்லை. தெருமுனையில் குடை விரித்து, மடக்கு மேசை போட்டு, கழுத்தில் அட்டை மாட்டிய இரண்டு தம்பிகள் வந்து உட்காருவார்கள். வடசென்னையில், பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவுக்கும் அப்படித்தான் வந்தது. "அக்கா, உங்க ஏரியா ஃபீசிபிள் ஆயிடுச்சு. இன்னைக்கே புக் பண்ணா இன்ஸ்டலேஷன் ஃப்ரீ." அவர்கள் கையில் இருக்கும் டேப்லெட்டில் தெருப் பெயரை அடித்தால் பச்சையாகக் காட்டும். அதோடு சரி. உங்கள் வீட்டுச் சுவர் வரைக்கும் கம்பி வருமா என்று அந்தத் தம்பிக்கும் தெரியாது, டேப்லெட்டுக்கும் தெரியாது.

அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "பாக்ஸ் எந்த வீட்டு மேல இருக்கு?" பாக்ஸ் என்றால் தெருவுக்கு வரும் கம்பி வீடு வீடாகப் பிரியும் பெட்டி. சொல்லத் தெரிந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. "சீக்கிரம் போட்டுடுவாங்கக்கா" என்றால் பணம் கட்டாதீர்கள். பெயரையும் நம்பரையும் மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள். பாக்ஸ் வந்த அன்றைக்கு அவர்களே நாலு தடவை போன் பண்ணுவார்கள்.

நான் வீட்டிலிருந்தே மருத்துவமனை பில்லிங் வேலை பார்க்கிறேன். நெட் போனால் அன்றைய கணக்கு போச்சு. மாமனார் காலத்து வீடு, மேலும் கீழுமாக ஆறு குடித்தனம். அதனால் எங்கள் மாடிக்கு எந்தக் கம்பெனி கம்பி வந்தாலும் பேச்சுவார்த்தை என் தலையில்தான் விடியும். இதுவரை மூன்று கம்பெனிகளைப் பார்த்தாயிற்று. விளம்பரத்தில் போடும் வேகத்தில் இவர்களுக்குள் பெரிய வித்தியாசம் கிடையாது. தெருப் பெட்டியிலிருந்து உங்கள் அறை வரைக்கும் வரும் அந்தக் கடைசி ஐம்பது அடியை யார், எப்படி இழுத்தார்கள் என்பதில்தான் எல்லா வித்தியாசமும். அந்த ஐம்பது அடி முழுக்க உங்கள் கண் முன்னால் நடக்கும். ஆனால் பெரும்பாலான வீட்டில் அந்த நேரத்தில் யாரும் பக்கத்தில் நிற்பதில்லை.

மெயின் ரோடு வரைக்கும் கம்பி பூமிக்கு அடியில்தான் வரும். மாநகராட்சியிடம் அனுமதி வாங்கி, ரோட்டைச் சீர்செய்யப் பணம் கட்டி, பள்ளம் வெட்டுவார்கள். அல்லது இந்தப் பக்கம் ஒரு குழி, அந்தப் பக்கம் ஒரு குழி போட்டு, நடுவில் இருக்கும் மண்ணை மெஷினால் குடைந்து பைப்பை இழுத்துவிடுவார்கள். மழைக்காலத்தில் ரோடு வெட்ட மாநகராட்சி தடை போடும். ஐப்பசியில் "அடுத்த வாரம் வந்துடும்" என்று யாராவது சொன்னால் தை மாதம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டிய பள்ளத்தை மூடாமல் போனால் மாநகராட்சிப் புகார் எண் 1913-க்குப் போன் பண்ணுங்கள். போட்டோவும், தெருவிளக்குக் கம்பத்தில் எழுதியிருக்கும் நம்பரும் கையில் இருந்தால் இடம் எது என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

தெருவுக்குள் நுழைந்ததும் கதை மாறும். எங்கள் தெருவில் மின்சாரம் தரைக்கு அடியில், தெருவோரம் நிற்கும் பில்லர் பாக்ஸ் என்ற மின்பெட்டி வழியாக வருகிறது. கரண்ட் கம்பம் கிடையாது, தெருவிளக்குக் கம்பம் மட்டும்தான். ஆகவே இன்டர்நெட் கம்பி தெரு வழியாகப் போகாமல் மொட்டை மாடி, மொட்டை மாடியாகத் தாவும். ஒரு வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக் குழாயில் ஒரு கட்டு, எதிர்வீட்டுக் கைப்பிடிச் சுவர் ஆணியில் ஒரு கட்டு. கேபிள் டிவி வந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். அன்றைக்கு கேபிள் இழுத்த அண்ணன்கள் பலர்தான் இன்றைக்கு ஃபைபர் கம்பெனிகளின் ஏரியா பங்குதாரர்கள். யார் வீட்டு மாடி எப்போது பூட்டியிருக்கும், எந்த ஓனர் கோபக்காரர் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

எதிர்வீட்டுப் பெரியம்மா ஒருநாள் மாடியில் நின்று சத்தம் போட்டார். "என் மாடி மேல ஊரு கம்பி எல்லாம் போவுது, எனக்கு இன்னாடா லாபம்? வடகம் காயப் போட எடம் இல்ல!" நியாயமான கேள்வி. அவர் வீட்டில்தான் பெட்டி வைத்தால் எங்கள் வரிசை முழுக்கக் கம்பி எட்டும். கடைசியில் கேபிள் அண்ணன் அவருக்கு ஒரு கனெக்‌ஷன் இலவசம் என்று ஒத்துக்கொண்டு, கம்பிகளை எல்லாம் சுவர் ஓரமாகப் பைப்புக்குள் விட்டுக் கொடுத்தார். உங்கள் மாடியில் பெட்டி வைக்கக் கேட்டால் நீங்களும் தயங்காமல் பேசுங்கள். பேச வேண்டியது பெட்டியை மாட்டும் முன்னால். மாட்டிய பிறகு யாரும் போன் எடுக்க மாட்டார்கள்.

அந்தப் பெட்டிக்குக் கரண்ட் தேவையா என்று கட்டாயம் கேளுங்கள். ஃபைபர் என்ற பெயரில் இரண்டு வகை விற்கிறார்கள். உண்மையான ஃபைபர் இணைப்பில் மாடிப் பெட்டிக்குள் இருப்பது ஸ்ப்ளிட்டர். வெளிச்சத்தை எட்டாக, பதினாறாகப் பிரிக்கும் கண்ணாடிச் சாதனம். அதற்குக் கரண்டே வேண்டாம். கண்ணாடிக் கம்பி உங்கள் வீட்டுக்குள் வந்து, பச்சையோ நீலமோ தலை வைத்த பின்னாக மோடத்தில் சொருகப்படும். இன்னொரு வகையில் ஃபைபர் அந்தப் பெட்டியோடு நின்றுவிடும். உள்ளே நெட்டைப் பல ஒயர்களுக்குப் பிரிக்கும் ஸ்விட்ச் என்ற மெஷின் இருக்கும், அதிலிருந்து உங்கள் வீட்டுக்குச் சாதாரண லேன் ஒயர், நுனியில் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் பின். அந்தப் பெட்டிக்குக் கரண்ட் வேண்டும். பெட்டி இருக்கும் வீட்டில் ஃபியூஸ் போனாலோ, அவர்கள் ஊருக்குப் போகும்போது மெயினை அணைத்தாலோ வரிசைக்கே நெட் போகும். இடி மின்னலில் லேன் ஒயர் வழியாக, அதைச் சொருகும் போர்ட் கருகிப் போவதையும் எங்கள் தெருவில் பார்த்திருக்கிறோம். விலை குறைவு என்று இரண்டாவது வகையை எடுப்பதில் தப்பில்லை. என்ன எடுக்கிறோம் என்று தெரிந்து எடுக்க வேண்டும், அவ்வளவே.

இனி இணைப்பு கொடுக்க ஆள் வரும் நாள். காலை என்பார்கள், சாயங்காலம் வருவார்கள். மாடிச் சாவி கையில் இருக்கட்டும். வாடகை வீடு என்றால் சுவரில் ஓட்டை போட ஓனரிடம் முன்னாடியே கேட்டு வையுங்கள். ஏணி இருந்தால் நல்லது.

ஓட்டை போடும் இடத்தை நீங்கள் சொல்லுங்கள். விட்டால் அவர்களுக்கு எது வசதியோ, அந்த ஜன்னல் இடுக்கு வழியாகக் கம்பியை விட்டுவிட்டுப் போவார்கள். ஓட்டை உள்ளேயிருந்து வெளியே சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். நேராகவோ மேல்நோக்கியோ போட்டால் கார்த்திகை மழை சுவருக்குள் இறங்கி, உள்பக்கப் பெயிண்ட் பொரிந்து வரும். கம்பியும் ஓட்டைக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி, பிறகு மேலேறி உள்ளே வர வேண்டும். அப்போதுதான் கம்பியில் வழியும் தண்ணீர் வளைவில் சொட்டிப் போகும். ஓட்டையைச் சுற்றி ஒயிட் சிமென்ட் வைத்து அடைக்கச் சொல்லுங்கள். "அப்புறம் வந்து அடைக்கிறேன்க்கா" என்ற வார்த்தையை நம்ப வேண்டாம்.

கறுப்புக் கம்பியின் ஓரத்தில் தாங்குவதற்காக ஓர் இரும்புக் கம்பி ஓடும். மாடியில் ஈ.பி. சர்வீஸ் ஒயரை ஒட்டியோ, அதோடு சேர்த்தோ அதைக் கட்ட விடாதீர்கள். ஒயரின் உறை உரிந்திருந்தால் அந்த இரும்பு வழியாகக் கரண்ட் பாயும்.

பிறகு ஸ்ப்ளைசிங், அதாவது இரண்டு கண்ணாடி இழைகளை நுனியோடு நுனி ஒட்டுவது. இதை நின்று பாருங்கள், அவ்வளவு அழகான வேலை. எங்கள் வீட்டுக்கு வந்த தம்பி மாடிப்படியில் உட்கார்ந்து, மடியில் லஞ்ச் பாக்ஸ் அளவில் ஒரு மெஷினை வைத்துக்கொண்டார். கறுப்பு உறையைக் கிழித்தார். உள்ளே இருந்த மெல்லிய பூச்சை ஒரு இடுக்கியால் ஒரே இழுப்பில் உருவினார். மிஞ்சியது முடியைவிடக் கொஞ்சம்தான் தடிமனான கண்ணாடி இழை, மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதை ஸ்பிரிட் தொட்ட டிஷ்யூவால் துடைத்தபோது கீச்சென்று ஒரு சத்தம். "இந்தச் சத்தம் வந்தாத்தான்க்கா சுத்தமாச்சுன்னு அர்த்தம்." பின்பு கிளீவரில் வைத்து நறுக்கி, இரண்டு நுனியையும் மெஷினுக்குள் வைத்து மூடினார். சின்னத் திரையில் இரண்டு நுனிகளும் தூண் மாதிரி பெரிதாகத் தெரிந்து, தானாகவே நகர்ந்து நேருக்கு நேர் வந்தன. ஒரு மினுக். திரையில் 0.01 என்று காட்டியது. ஒட்டிய இடத்தில் வெளிச்சம் எவ்வளவு வீணாகிறது என்ற கணக்கு அது. மேலே ஒரு குட்டிக் குழாயைப் போட்டுச் சூடாக்கி இறுக்கினார்.

நறுக்கும்போது விழும் கண்ணாடித் துண்டுகளை மட்டும் விடாதீர்கள். கண்ணுக்கே தெரியாது, காலில் ஏறினால் எடுக்க முடியாது. அந்தத் தம்பி ஒரு செல்லோ டேப்பில் ஒட்டி எடுத்துக்கொண்டார். எல்லோரும் அப்படிச் செய்ய மாட்டார்கள், சொல்லித்தான் வாங்க வேண்டும். தரையில் தவழும் குழந்தை இருந்தால் வேலையை வாசலுக்கு வெளியே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கம்பியின் நுனியைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்ப்பதும் கூடாது. உள்ளே ஓடும் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாத வகை, இருட்டாக இருப்பதாலேயே ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடுவோம்.

மோடத்தில் சொருகும் முன், வெளிச்சத்தின் பலத்தை அளக்கும் பவர் மீட்டரில் ரீடிங் எடுப்பார்கள். மைனஸ் 18, மைனஸ் 21 என்று எண் வரும். மைனஸுக்குப் பின்னால் எண் ஏற ஏற வெளிச்சம் குறைவு. பொதுவாக மைனஸ் 27-க்குக் கீழே போனால் மோடம் வெளிச்சத்தைப் பிடிக்காது. 20-ஐ ஒட்டி வந்தால் நிம்மதி. 25, 26 என்றால் அன்றைக்கு ஓடும், பிறகு எங்காவது கம்பி கொஞ்சம் மடங்கினாலும் போய்விடும். அந்த எண்ணைச் சுவரிலாவது பென்சிலால் எழுதி வையுங்கள். பின்னால் கோளாறு வந்து ஆள் வரும்போது, "போடும்போது 19 இருந்துச்சு, இப்ப எவ்ளோ?" என்று கேட்டாலே அவர் உங்களை வேறு மாதிரி நடத்துவார்.

எங்கள் கீழ்வீட்டில் மாதக்கணக்கில் நெட் விட்டு விட்டு வந்தது. மோடத்தை மாற்றினார்கள், கம்ப்ளெய்ன்ட் மேல் கம்ப்ளெய்ன்ட். கடைசியில் வந்தவர் சிவப்பு வெளிச்சம் விடும் பேனா ஒன்றைக் கம்பியில் சொருகி, அறை விளக்கை அணைக்கச் சொன்னார். ஜன்னல் கதவு மூடும் இடத்தில் கம்பிக்குள்ளிருந்து ரத்தச் சிவப்பாக வெளிச்சம் கசிந்தது. தினமும் கதவு நசுக்கிய இடம். சுவர் மூலையிலும் கதவோரத்திலும் கம்பியை மடித்து ஆணி அடிக்க விடாதீர்கள் என்பது இதற்குத்தான். திருப்பம் உள்ளங்கை அகலமாவது இருக்கட்டும். நாலைந்து அடி உபரிக் கம்பியைச் சுருட்டி மாட்டி வைக்கவும் சொல்லுங்கள். நுனி கெட்டால் வெட்டி ஒட்ட அது வேண்டும்.

மோடம் வைக்கும் இடம் தனிச் சண்டை. எங்கள் பக்கத்து வீடுகள் ரயில் பெட்டி மாதிரி, முன்னறை, நடு அறை, சமையலறை என்று நீளமாகப் போகும். கம்பி முன்பக்கம் வருவதால் மோடத்தையும் முன்னறையிலேயே மாட்டிவிடுவார்கள். அங்கே முழுக் கோடு, சமையலறையில் சுழன்றுகொண்டே இருக்கும். நடு அறைவரை கம்பியை இழுத்து, உயரமாக, இரும்பு பீரோவுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் பின்னால் இல்லாமல் மாட்டச் சொல்லுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் பழைய காரைச் சுவரைத் தாண்டத் திணறும். 2.4 தூரம் போகும், பக்கத்து வீட்டு வைஃபைகளோடு இடித்துக்கொள்ளும். வேலைக்கு லேப்டாப் வைத்திருப்பவர்கள் லேன் ஒயரில் இணைத்துவிடுவது உத்தமம். வேகத்தைச் சோதிப்பதும் அந்த ஒயரில்தான் நடக்க வேண்டும். வைஃபையில் 40 வந்தால் கம்பெனியைத் திட்ட முடியாது. இன்னொன்று, 100 எம்.பி.பி.எஸ். என்பது பிட் கணக்கு. ஃபைல் இறங்கும்போது நொடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்தான் காட்டும், அது சரியான வேகமே.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. போஸ்டரில் இருக்கும் விலைக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. ஆறு மாதம், ஒரு வருடம் மொத்தமாகக் கட்டினால் சலுகை என்பார்கள். முதலில் ஒரு மாதம் மட்டும் எடுங்கள், ஒரு மழையாவது பார்த்துவிட்டு நீளப் பிளானுக்குப் போங்கள். மோடம் உங்களுடையதா, திருப்பிக் கொடுக்க வேண்டியதா, வீடு மாறினால் ஷிஃப்டிங் சார்ஜ் எவ்வளவு, இதையெல்லாம் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தாக வாங்கி வையுங்கள். அன்லிமிடெட் என்றாலும் பல பிளான்களில் மாதத்துக்கு 3,300 ஜி.பி. போன்ற எல்லை இருக்கும். சாதாரணக் குடும்பம் அதைத் தொடாது.

பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு ஒரு விஷயம். பழைய லேண்ட்லைன் போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே கரண்ட் வரும், ஊரே இருட்டானாலும் மணி அடிக்கும். ஃபைபரோடு வரும் லேண்ட்லைன் அப்படி இல்லை. மோடத்துக்குக் கரண்ட் போனால் போனும் போச்சு. இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் ரவுட்டருக்கென்றே விற்கும் சின்ன யு.பி.எஸ். ஒன்று வாங்குங்கள். மோடம் அடாப்டரில் 12 வோல்ட்டா, எத்தனை ஆம்பியர் என்று பார்த்து வாங்க வேண்டும். சில மணி நேரக் கரண்ட் கட்டுக்கு அது போதும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மாதிரி வந்தால் அதுவும் உதவாது. அப்போது தெருவில் தண்ணீர் நின்றவரை கரண்டும் இல்லை, நெட்டும் இல்லை. மொபைல் சிம்மில் கொஞ்சம் டேட்டா எப்போதும் இருக்கட்டும்.

இணைப்பு வந்த பிறகு வடசென்னைக்கே உரிய ஆபத்துகள் சில. கோடை லீவில் காத்தாடி. மாஞ்சாவுக்குப் போலீஸ் தடை இருந்தாலும் மாடிக் கம்பியில் சிக்கிய காத்தாடியைப் பையன்கள் இழுக்கத்தான் செய்வார்கள், கம்பியும் கூடவே வரும். விநாயகர் சதுர்த்தி ஊர்வலத்தில் லாரி மேல் உயரமான பிள்ளையார் வரும்போது, ஒருவர் நீளக் கொம்பால் கம்பிகளைத் தூக்கிவிட்டுக்கொண்டே வருவார். அவர் கை சளைத்த இடத்தில் ஒரு வரிசைக்கு நெட் போகும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டை ஒட்டிய தெருக்களில் கன்டெய்னர் லாரிகள் தொங்கும் கம்பியை அறுத்துக்கொண்டு போகும். காசிமேடு, ராயபுரம் பக்கம் உப்புக் காற்று கொக்கியையும் பெட்டிப் பூட்டையும் தின்றுவிடும். எலியும் அணிலும் எல்லா ஊரிலும் உண்டு. மழைநீர் வடிகாலுக்குத் தோண்டும் ஜே.சி.பி.யைச் சொல்லவே வேண்டாம். தோண்டும் முன் கேபிள்காரர்களுக்குத் தகவல் போகவென்று 2023 மார்ச்சில் மத்திய அரசு 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியையே கொண்டுவந்தது. எங்கள் தெருவில் கம்பி அறுந்த பிறகுதான் தகவல் போகிறது.

நெட் போனதும் மோடத்தை அணைத்து அணைத்துப் போடாமல் விளக்குகளைப் பாருங்கள். எல்.ஓ.எஸ். என்ற இடத்தில் சிவப்பு எரிந்தால் வெளிச்சம் வரவில்லை. கம்பி அறுந்திருக்கிறது அல்லது நசுங்கியிருக்கிறது, ஆள் வந்தே ஆக வேண்டும். சிவப்பு இல்லாமல் பான் (PON) என்று எழுதிய விளக்கு நிலையாகப் பச்சை எரிந்தும் நெட் இல்லை என்றால் கம்பியில் குற்றமில்லை. ரீசார்ஜ் முடிந்ததா, மோடம் செட்டிங் மாறியதா, கம்பெனி பக்கம் ஏதாவதா என்று பார்க்க வேண்டும். போனில் இதைச் சொல்லத் தெரிந்தால் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க மேடம்" கட்டத்தைத் தாண்டிவிடலாம்.

ஏரியா லைன்மேன் நம்பர் இருந்தாலும் கம்ப்ளெய்ன்ட்டைக் கஸ்டமர் கேரில் பதிந்து டாக்கெட் நம்பர், அதாவது புகார் எண், வாங்குங்கள். எங்கள் பழைய கம்பெனி ஒன்று, நாங்கள் லைன்மேனிடம் வாய்வார்த்தையாகச் சொன்ன நாட்களை எல்லாம் கணக்கிலேயே எடுக்கவில்லை, நெட் இல்லாத நாட்களுக்கும் சேர்த்து முழுப் பில் வந்தது. டாக்கெட் நம்பர் இருந்தால், சரிசெய்யாதபோது அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாளுக்குள் எழுதலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதியிலேயே இருக்கிறது, கட்டணம் கிடையாது. நுகர்வோர் உதவி எண் 1915-ம் உண்டு. அதற்காக லைன்மேனைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். மழையில் நனைந்துகொண்டு மாடி மாடியாக ஏறுவது அவர்தான்.

இன்னொன்றும் நடக்கும். தெருவிளக்குக் கம்பத்தில் அனுமதி இல்லாமல் கட்டிய கேபிள்களை மாநகராட்சி ஆட்கள் அவ்வப்போது வந்து அறுத்துச் சுருட்டி எடுத்துப் போவார்கள். காலையில் எழுந்தால் சிவப்பு விளக்கு. இணைப்பு எடுக்கும்போதே உங்கள் கம்பி விளக்குக் கம்பம் வழியாக வருகிறதா, மாடி வழியாக வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி மாறினால் பழைய கம்பியை யாரும் கழற்றுவதில்லை. எங்கள் மாடியில் ஓடுவதைவிடச் செத்த கம்பிதான் அதிகமாகக் கிடந்தது. எது யாருடையது என்று தெரியாமல் கோளாறு பார்க்க வந்த ஒருவர் உயிரோடிருந்த கம்பியை வெட்டிவிட்டுப் போன பிறகு, ஆறு குடித்தனமும் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தோம். ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் வீட்டு நம்பர் எழுதிய டேக் கட்டியிருக்கிறோம். புது இணைப்பு போட வருகிறவர் யாராக இருந்தாலும், அந்த வீட்டின் பழைய கம்பியைச் சுருட்டிக் கீழே கொண்டுவந்து போட்ட பிறகுதான் டிரில்லிங் மெஷினுக்குப் பிளக் பாயின்ட் கொடுக்கிறோம்.